டீசல் பீச்சுற நேரத்தை யார் முடிவு பண்றது?

பெட்ரோல் வண்டியில ஸ்பார்க் பிளக் இருக்கு. அது பொறி விடற நேரம்தான் பெட்ரோல் பத்தற நேரம். டீசல் இன்ஜின்ல அந்தப் பொறியே கிடையாது. சிலிண்டருக்குள்ள வெறும் காத்தை இழுத்து, பதினாறு பதினெட்டு மடங்கு அமுக்கி, அந்த அமுக்கத்துல வர்ற சூட்டுலயே டீசலைப் பத்த வைக்கிறாங்க. 500 டிகிரிக்கு மேல போகும் அந்தச் சூடு. அப்போ எப்போ பத்தணும்னு யார் சொல்றது? நாசில்தான் சொல்லுது. நாசில் டீசலை எப்போ உள்ள பீச்சுதோ அதை ஒட்டித்தான் எரியறதும் நடக்கும். இதைத்தான் மெக்கானிக்குங்க "டைமிங்"னு சொல்றாங்க.

ஊஞ்சல் ஆட்டறவங்களுக்கு இது தெரியும். குழந்தை உச்சிக்கு வந்து திரும்பற நேரத்துல தள்ளணும். வர்றப்பவே தள்ளினா கையில இடிக்கும். போன பிறகு தள்ளினா காத்தைத் தள்ளின மாதிரி. இன்ஜின்லயும் அதே கதைதான். பிஸ்டன் மேல ஏறிட்டு இருக்கிறப்பவே டீசல் பத்திட்டா, ஏறற பிஸ்டனை எதிர்த்து இடிக்கும். டங்கு டங்குனு சத்தம் வரும், அதைத்தான் நாக் அடிக்குதுன்னு சொல்றோம். பிஸ்டன் இறங்கின பிறகு பத்தினா பாதி வீண், புகையாப் போகும், சைலன்சர் பழுக்கும். சரியான நேரம்னா, பிஸ்டன் உச்சியைத் தொடறதுக்குச் சில டிகிரி முன்னாடியே டீசல் விழ ஆரம்பிக்கணும்.

ஏன் முன்னாடியே? விழுந்த உடனே டீசல் பத்தறதில்லை. துளி ஆவியாகி, காத்தோட கலந்து, சூடேறணும். அதுக்கு ஒரு மில்லி செகண்ட், அதாவது நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு, ஆகுதுன்னு ஒரு கணக்குக்கு வச்சுக்கங்க. 650 ஆர்.பி.எம்.ல ஓடற பழைய ஆயில் இன்ஜின்ல அந்த நேரத்துக்குள்ள கிராங்க் ஷாஃப்ட் திரும்பறது 4 டிகிரிதான். 2,000 ஆர்.பி.எம்.ல ஓடற டிராக்டர்ல 12 டிகிரி. 4,000-ல பறக்கற காருன்னா 24 டிகிரி. காத்திருக்கிற நேரம் ஒண்ணுதான், ஆனா வேகம் கூடக்கூட இன்னும் முன்னாடியே பீச்சியாகணும். இந்த ஒரு கணக்கைச் சமாளிக்கத்தான் நூறு வருஷத்துக்கு மேல ஆளாளுக்கு மண்டையை உடைச்சிருக்காங்க. கார் பின்னாடி சிஆர்டிஐ, டிடிஐஎஸ்னு எழுத்து ஒட்டியிருக்கே, அதெல்லாம் இந்தக் கதையோட கடைசி அத்தியாயம்.

ருடால்ஃப் டீசல் பாரிஸ்ல பிறந்த ஜெர்மன்காரர். 1892-ல காப்புரிமைக்கு எழுதிப் போட்டார். அவர் இன்ஜினை ஆக்ஸ்பர்க் ஊர்ல இருந்த ஒரு இயந்திரத் தொழிற்சாலை செஞ்சு பார்த்தது, அதுதான் பின்னாடி எம்.ஏ.என். கம்பெனி. 1893 ஆகஸ்ட்ல முதல் தடவை எண்ணெய் விட்டுப் பார்த்தப்போ அழுத்தம் அளக்கிற கருவி வெடிச்சுச் சிதறிடுச்சு. ஆளுக்குச் சந்தோஷம், ஏன்னா பொறி இல்லாமலே பத்துதுன்னு தெரிஞ்சுபோச்சு. 1897 பிப்ரவரியில பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி சோதிச்சார். எரிபொருள்ல இருக்கிற சக்தியில 26.2 சதவீதம் வேலையா மாறுதுன்னு கணக்குச் சொன்னார். அந்தக் காலத்து நீராவி இன்ஜினெல்லாம் இதுல பாதியைத் தொடறதுக்கே திணறிச்சு.

ஆனா டீசலைச் சிலிண்டருக்குள்ள அனுப்ப அவர்கிட்ட இருந்தது ஊதற முறைதான். தனியா ஒரு கம்ப்ரசர் வச்சு, சிலிண்டருக்குள்ள இருக்கிறதை விட அதிக அமுக்கத்துல காத்தைச் சேர்த்து வச்சு, அந்தக் காத்தால எண்ணெயை உள்ள ஊதுவாங்க. கேம் ஒண்ணு சுத்தி வந்து ஊசி வால்வைத் தூக்கும், அப்போ ஊதும். நேரத்தை முடிவு பண்றது கேம். சரியாத்தான் வேலை செஞ்சது. ஆனா அந்தக் கம்ப்ரசர் பெரிசு, கனம், இன்ஜின் சக்தியில ஒரு பங்கை அதுவே தின்னுடும். மில்லுக்கும் கப்பலுக்கும் ஆகும், வண்டிக்கு ஆகாது. 1913 செப்டம்பர்ல ஆன்ட்வெர்ப்ல இருந்து இங்கிலாந்துக்குக் கப்பல்ல போனப்போ ராத்திரியில டீசல் காணாமப் போனார். தன் இன்ஜின் லாரியில ஓடறதை அவர் பார்க்கவே இல்லை.

இங்கிலாந்துல விக்கர்ஸ் கம்பெனிக்காரங்க 1910 வாக்குலயே காத்தில்லாம வெறும் எண்ணெயை அமுக்கி அனுப்பற வழியைக் கண்டுபிடிச்சு நீர்மூழ்கிக் கப்பல்ல போட்டாங்க. எல்லா சிலிண்டருக்கும் பொதுவா ஒரு குழாய், அதுல எப்பவும் அமுக்கம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வால்வு. இதை ஞாபகத்துல வச்சுக்கங்க. 80 வருஷம் கழிச்சுத் திரும்ப வரும்.

வண்டிக்கு வழி காட்டினது ராபர்ட் பாஷ். 1922-ல டீசல் பம்ப் செய்யறதுன்னு முடிவெடுத்து, 1927-ல தொழிற்சாலையில இருந்து வெளிய விட்டாங்க. இன்னிக்கும் நம்ம டிராக்டர்ல முக்கால்வாசி இருக்கிற பம்ப் இதோட பேரன்தான். அதோட வேலையைச் சொல்லியே ஆகணும், ஏன்னா எனக்குத் தெரிஞ்சு இவ்வளவு எளிமையா இவ்வளவு புத்திசாலித்தனமா செஞ்ச சாமான் வேற இல்லை.

பேரல்னு ஒரு சின்ன உருளை. அதுக்குள்ள பிளஞ்சர்னு விரல் தடிமன்ல ஒரு இரும்புத் தண்டு. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான், அதனால ஒரு பேரலோட பிளஞ்சரை இன்னொண்ணுல மாத்திப் போடக் கூடாதும்பாங்க. பேரல் பக்கவாட்டுல ஒரு ஓட்டை, அது வழியா டீசல் வந்து நிரம்பும். கீழ கேம் சுத்தி பிளஞ்சரை மேல தள்ளும். பிளஞ்சர் ஏறி அந்த ஓட்டையை மூடற கணத்துல டீசலுக்குத் திரும்பிப் போக வழி அடைஞ்சிடும். நாசிலைத் திறந்துட்டுப் பீச்ச வேண்டியதுதான். பிளஞ்சர் உடம்புல சாய்வா ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டு ஓட்டைக்கு நேரா வந்ததும் அமுக்கம் கசிஞ்சு, பீச்சுறது நின்னுடும். ஆக்ஸிலேட்டர் என்ன பண்ணும்னா, ராக்னு ஒரு பல் கம்பியை நகர்த்திப் பிளஞ்சரைக் கொஞ்சம் திருப்பி விடும். சாய்வு வெட்டுங்கிறதால, திருப்பினா அது சீக்கிரமோ லேட்டாவோ ஓட்டைக்கு வரும். டீசல் கம்மியா, அதிகமாங்கிறது அதுல தீர்மானம்.

அதாவது நிறுத்தற நேரம் மாறும். ஆரம்பிக்கிற நேரம் மாறாது. அது கேமும், பம்ப் எந்த உயரத்துல உக்காந்திருக்குங்கிறதும் சேர்ந்து முடிவு பண்றது.

நம்ம ஊர்க் கிணத்து மேட்டுல நடந்ததெல்லாம் இந்த உயரத்தை வச்சுத்தான். இங்கிலாந்துல டர்ஸ்லிங்கிற ஊர்ல லிஸ்டர் கம்பெனி 1930 வாக்குல கொண்டு வந்த ஒத்தை சிலிண்டர் இன்ஜின் 600, 650 ஆர்.பி.எம்.ல மெதுவாத் தட்டித் தட்டி ஓடும். அதே சாயல்ல ராஜ்கோட் பட்டறைங்க ஆயிரக்கணக்குல செஞ்சு தள்ளினாங்க. தண்ணி இறைக்க, மாவு மில்லுக்கு, கரும்பு ஆட்டன்னு எல்லாத்துக்கும் அதுதான். 1951-ல பெங்களூர்ல ஆரம்பிச்ச மைக்கோ, பாஷ் முறையில பம்பும் நாசிலும் இங்கயே செய்ய ஆரம்பிச்சது. கிராமத்து மெக்கானிக் வாயில அந்த மைக்கோங்கிற பேர் இன்னும் போகலை, கம்பெனி 2008-ல பாஷ்னு பேர் மாத்தின பிறகும்.

இந்த இன்ஜினுக்கு டைமிங் பார்க்கிறதுக்கு எந்த மீட்டரும் வேண்டாம். பம்ப்ல இருந்து நாசிலுக்குப் போற குழாயைக் கழட்டிடணும். பம்ப் வாய்ல டீசல் ததும்பி நிக்கும். ஃபிளைவீலைக் கையால மெதுவாத் திருப்பிக்கிட்டே அந்த டீசலையே பார்க்கணும். கண்ணு இமைக்கக் கூடாது. அசையாம நின்ன டீசல் ஒரு துளி மேல எழும்பும். அங்கதான் ஓட்டை மூடியிருக்கு, அதுதான் பீச்ச ஆரம்பிக்கிற இடம். அப்படியே நிறுத்தி ஃபிளைவீல்ல இருக்கிற கோட்டைப் பார்த்தா முன்னயா பின்னயான்னு தெரிஞ்சிடும். பல இன்ஜின்ல பம்புக்கு அடியில மெல்லிசா தகடு வச்சிருப்பாங்க, சிம்முன்னு பேரு. ஒரு சிம் எடுத்தா பம்ப் இறங்கும், ஓட்டை சீக்கிரமா மூடும், டைமிங் அட்வான்ஸ் ஆகும். ஒரு சிம் சேர்த்தா லேட் ஆகும். எங்க பக்கத்து மெக்கானிக் ஒருத்தர் சத்தத்தைக் கேட்டே "ஒரு சிம் போதும்"னு சொல்வார். அவர் நாலாவது வரைக்கும் படிச்சவர். மில்லி செகண்ட்ல நடக்கிற காரியத்தை ஒரு தகரத் துண்டால திருத்தினார்.

தண்ணி இறைக்கிற இன்ஜின் ஒரே வேகத்துல ஓடும், அதனால நிலையான டைமிங் போதும். லாரிக்கும் காருக்கும் ஆகாது. அதுக்குப் பம்போட முன்பக்கம் ஸ்பிரிங் கட்டின எடைக் கட்டைங்க வச்சாங்க. வேகம் கூடினா கட்டை வெளிய விரியும், விரியறப்போ பம்போட கேம் ஷாஃப்டைச் சில டிகிரி முன்னால திருப்பி விடும். குடை ராட்டினம் வேகமாச் சுத்தினா தொட்டில் வெளிப்பக்கம் விரியுமே, அதே சங்கதிதான். அப்புறம் 1970-கள் நடுவுல பாஷ் சின்ன கார்களுக்காக வி.இ. பம்ப் கொண்டு வந்தது. அதுல எல்லா சிலிண்டருக்கும் ஒரே பிளஞ்சர். இன்ஜின் வேகம் கூடினா பம்புக்குள்ள டீசல் அமுக்கம் கூடும், அந்த அமுக்கம் ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளி டைமிங்கை முன்னால கொண்டு போகும். எடையோ எண்ணெயோ, ரெண்டுமே வேகம் ஒண்ணைத்தான் பார்த்துச்சு. இன்ஜின் குளிர்ந்திருக்கா, பாரம் ஏத்தியிருக்கா, மலை மேல காத்து மெலிசா இருக்கா, இதெல்லாம் அதுக்குப் பெரிசாத் தெரியாது.

தெரிய வைக்கத்தான் மின்னணு வந்தது. அமெரிக்காவுல டெட்ராய்ட் டீசல் 1985-ல லாரி இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் வச்சது. 1989-ல ஆடி டிடிஐ கார் வந்தது, அதுல அதே வி.இ. பம்புதான், ஆனா அந்தச் சின்ன பிஸ்டனோட அமுக்கத்தை மின்சார வால்வு ஒண்ணு கட்டுப்படுத்தும். இன்ஜெக்டர் ஊசி எப்போ தூக்குச்சுன்னு சென்சார் திருப்பிச் சொல்லும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டுத் திருத்திக்கும்.

இதுலயும் ஒரு தளை இருந்தது. அமுக்கத்தைக் கொடுக்கிறதும் நேரத்தைக் கொடுக்கிறதும் ஒரே பம்ப். பிளஞ்சர் ஏறினாத்தான் அமுக்கம், அதனால கேம் இருக்கிற இடத்தை விட்டு ரொம்ப விலக முடியாது. ரெண்டையும் பிரிச்சா? பழைய விக்கர்ஸ் குழாய்! சுவிட்சர்லாந்துல ராபர்ட் ஹூபர் 1960-கள்ல மாதிரி செஞ்சு பார்த்தார், சூரிச்ல மார்கோ கான்சர் தொடர்ந்தார். ஜப்பான்ல டென்சோ 1995-ல ஹினோ லாரியில போட்டு விற்பனைக்கே கொண்டு வந்தது. இத்தாலியில ஃபியட் ஆளுங்க கிட்டத்தட்ட முடிச்சிட்டு, 1994-ல அதை பாஷுக்கு வித்துட்டாங்க. 1997-ல ஆல்ஃபா ரோமியோ 156 கார்ல அது வெளிய வந்தது. இதுதான் காமன் ரெயில். 2007-ல ஸ்விஃப்ட்ல வந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் இருக்கே, நம்ம ஊர்ல டாக்ஸியெல்லாம் ஓடுச்சே, அதுவும் அதே ஃபியட் குடும்பம்தான்.

காமன் ரெயில்ல பம்புக்கு ஒரே வேலை. அந்தப் பொதுக் குழாயில அமுக்கத்தை நிரப்பி வைக்கிறது. முதல்ல வந்ததுலயே 1,350 பார். கார் டயர்ல நீங்க அடிக்கிறது ரெண்டு பார் சொச்சம், ஒப்பிட்டுப் பாருங்க. பம்ப் அதை எப்போ அமுக்கினாலும் கவலையில்லை. நேரம் இன்ஜெக்டர் கையில, இன்ஜெக்டர் ஈசியூ கையில.

ஈசியூவுக்கு நேரம் எப்படித் தெரியும்? கிராங்க் ஷாஃப்ட்ல ஒரு பல் சக்கரம் இருக்கும். பெரும்பாலும் 60 பல்லுக்கு இடம், அதுல ரெண்டு பல் வேணும்னே விட்டிருப்பாங்க. பக்கத்துல இருக்கிற சென்சார் ஒவ்வொரு பல்லா எண்ணிட்டு வரும், பல் இல்லாத பள்ளம் வந்தா அதுதான் எல்லைக் கல். அங்க இருந்து எத்தனை டிகிரின்னு கணக்குப் போட்டுக்கும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்ல பிஸ்டன் ரெண்டு தடவை உச்சிக்கு வரும், அதுல எது அமுக்கற தடவைங்கிறதை கேம் ஷாஃப்ட் சென்சார் சொல்லும். அப்புறம் ஈசியூ நினைவுல ஒரு பெரிய அட்டவணை. இந்த வேகம், இந்தப் பாரம்னா இத்தனை டிகிரி முன்னாடின்னு கட்டம் கட்டமா எழுதியிருக்கும். தண்ணி சூடு, உள்ள வர்ற காத்தோட சூடு, காத்தழுத்தம் எல்லாம் பார்த்து அதுல கூட்டிக் கழிக்கும். இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்கிற நேரத்தையும் கழிச்சு, அதுக்கு முன்னாடியே கரண்ட் கொடுக்கும். இவ்வளவும் ஒரு சுத்துக்குள்ள.

ஒரே தடவை பீச்சணும்னும் இல்லை. முதல்ல ஒண்ணு ரெண்டு மில்லிகிராம் தெளிச்சு உள்ள பதமாச் சூடேத்திட்டு, அப்புறம் முக்கியமான பீச்சு. அதனாலதான் இப்போ வர்ற டீசல் கார் பழைய மாதிரி கடகடங்கிறதில்லை. தேவைப்பட்டா கடைசியில இன்னொரு தெளிப்பு, புகை வடிகட்டியில சேர்ந்த கரியை எரிக்க. பிளஞ்சரால இது முடியவே முடியாது.

புது முறை நல்லதா கெட்டதான்னு கேட்டா, நல்லதுதான். புகை கம்மி, சத்தம் கம்மி, டீசலும் மிச்சம். பழைய இன்ஜின் பக்கத்துல நாள் பூரா நின்னு காது மந்தமானவங்களைக் கேட்டா இன்னும் நல்லாச் சொல்வாங்க. எனக்கு நெருடறது வேற. டைமிங்ல எப்பவும் ஒரு பேரம் இருக்கு. முன்னாடியே பீச்சினா டீசல் மிச்சமாகும், ஆனா உள்ள சூடு அதிகமாகி நைட்ரஜன் ஆக்சைடு நச்சு கூடும். தள்ளிப் பீச்சினா அந்த நச்சு குறையும், ஆனா டீசல் தின்னும். இந்தப் பேரத்தை முன்னாடி சிம் தகடு பேசுச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சது. இப்போ அட்டவணை பேசுது, அதை எழுதினவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இது சும்மா பயமில்லை, நடந்திருக்கு. 1998 அக்டோபர்ல அமெரிக்க அரசு ஏழு பெரிய டீசல் இன்ஜின் கம்பெனிங்களோட ஒரு உடன்பாடு போட்டது. அவங்க லாரி இன்ஜின் அரசுச் சோதனையில சுத்தமா ஓடும். நெடுஞ்சாலையில ஒரே வேகத்துல போறப்போ ஈசியூ டீசலை மிச்சம் பண்ற டைமிங்குக்கு மாறிக்கும், நச்சு வரம்பைத் தாண்டிக் கொட்டும். சுமார் 13 லட்சம் இன்ஜின். 8 கோடியே 34 லட்சம் டாலர் அபராதம், அதுக்கு மேல திருத்தற செலவு. 2015-ல ஃபோக்ஸ்வேகன் விவகாரம் எல்லாப் பேப்பர்லயும் வந்தது, ஆனா 17 வருஷத்துக்கு முன்னாடியே இந்த வித்தை ஆரம்பிச்சாச்சு. பிளஞ்சர் பம்புக்கு, இப்போ சோதனை நடக்குதா இல்லையான்னு மோப்பம் பிடிக்கத் தெரியாது.

நம்ம வயலுக்கு இது 2023-ல வந்தது. அந்த வருஷம் ஜனவரியில இருந்து 50 குதிரைத் திறனுக்கு மேல இருக்கிற புது டிராக்டருக்கு டிரெம் 4 விதி. அதைத் தாண்ட அந்த டிராக்டருங்க காமன் ரெயிலுக்கு மாறிடுச்சு. நம்ம ஊர்ல அதிகம் விக்கறது 50-க்குக் கீழதான், அதுல இன்னும் பழைய பம்ப் ஓடுது. எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெரிய வண்டி எடுத்தார். நல்ல இழுவை, குறை சொல்ல முடியாது. போன சோள அறுப்பு சமயத்துல ஒரு நாள் நடு வயல்ல நின்னுடுச்சு, திரும்ப எடுக்கலை. டீசல் இருக்கு, பேட்டரி இருக்கு. மெக்கானிக் பையன் பழக்க தோஷத்துல நாசில் நட்டைத் தளர்த்தப் போனான், நான்தான் கையைப் பிடிச்சேன். பழைய இன்ஜின்ல எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு அப்படித்தான் பார்ப்போம். காமன் ரெயில்ல அந்த அமுக்கம் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும், விரலையே எடுக்க வேண்டி வந்தவங்க இருக்காங்க. மூணாம் நாள் கம்பெனி ஆள் லேப்டாப்போட வந்தார். கிராங்க் சென்சார் ஒயர், எலி கடிச்சிருக்கு. பல்லை எண்ண முடியாததால ஈசியூ பீச்சவே இல்லை. ஒயரை ஒட்டறதுக்குப் பத்து நிமிஷம், எந்த ஒயர்னு தெரியறதுக்கு மூணு நாள்.

இன்ஜெக்டர் மாத்தறதுலயும் இப்படி ஒரு பூட்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரும் நூல் பிசகாம ஒரே மாதிரி வராது. அது எவ்வளவு விலகுதுன்னு தொழிற்சாலையில அளந்து, தலையில ஒரு குறி எண் அடிச்சிருப்பாங்க. பல வண்டியில அதை ஈசியூவுல பதிவு பண்ணினாத்தான் டைமிங்கும் அளவும் சரியா வரும். அதுக்கு ஸ்கேனர் வேணும். நுட்பம்னு பார்த்தா நியாயமான விஷயம்தான். ஆனா பதிவு பண்ற சாவி யார்கிட்ட இருக்குங்கிறது நுட்பம் இல்லையே. அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் 2023-ல சட்டமே போட்டுடுச்சு, டிராக்டர் கம்பெனிங்க பழுது பார்க்கிற மென்பொருளையும் கையேட்டையும் விவசாயிக்குக் கொடுக்கணும்னு. 2024 ஜனவரியில இருந்து அமல். இங்க மத்திய அரசு 2022 ஜூலையில பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு குழு போட்டது, அது எடுத்துக்கிட்ட நாலு துறையில வேளாண் கருவியும் ஒண்ணு. சட்டமா வரணும்.

சத்தம் கேட்டே சிம் எண்ணிக்கை சொல்வார்னு சொன்னேனே, அந்த மெக்கானிக்கோட பையன் இப்போ டவுன்ல பம்ப் சர்வீஸ் கடை வச்சிருக்கார். காமன் ரெயில் இன்ஜெக்டர் சோதிக்கிற பெஞ்ச் கடன் வாங்கிப் போட்டிருக்கார், வெளிக் கம்பெனி ஸ்கேனர் ஒண்ணும் இருக்கு. கார், வேன்னா அதுல முக்கால்வாசி படிக்குதாம். பெரிய டிராக்டருங்கள்ல பிழை எண்ணை மட்டும் காட்டுது, உள்ள எழுத விடறதில்லைன்னு சொல்றார். அப்பா கடையில ஒரு மூலையில உக்காந்து இன்னும் பிளஞ்சர் பம்ப் பிரிச்சுப் போட்டுட்டு இருக்கார். வாரத்துக்கு நாலஞ்சாவது வருதாம்.